லினக்ஸ் மின்ட்: வைஃபை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, "லினக்ஸுக்கு மாறிவிடலாமா?" என்று தெரிந்தவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிக்காரர்கள்தான் பெரும்பாலும். என் வீட்டுக் கணினியும் அந்த ரகம்தான்; அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு நாளாகிவிட்டது. நேற்று ஒரு நண்பர் கேட்ட நேரத்தில், அப்டேட் முடிந்து வைஃபை மறுபடியும் காணாமல் போயிருந்தது.

காரணம் புரிந்தபோது கோபம் கூடத்தான் செய்தது. பெரும்பாலான வன்பொருளுக்கு, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் அதுவும் கூடவே வந்துவிடும். ஆனால் என் வைஃபை சிப்பைச் செய்த நிறுவனம் டிரைவரின் மூல நிரலை முழுதாகத் திறந்து தரவில்லை. அதனால் அதன் டிரைவர் வெளியே தனியாக நிற்கிறது. புதிய கெர்னல் வரும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்தக் கெர்னலுக்கு ஏற்றபடி அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது தோற்றால் இணையம் இல்லை. இணையம் இல்லாமல் சரிசெய்யும் பொதியை எப்படி இறக்குவது? கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டால் மின்ட் உடனே பிடித்துக்கொள்ளும். அது இல்லையென்றால், கணினி துவங்கும்போது வரும் கிரப் என்ற துவக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. வீட்டில் மற்றவர்கள் ஏன் பழக வேண்டும்?

இதற்கு மின்ட்டைத் திட்டுவது நியாயமில்லை. அதைச் செய்பவர்கள் அவர்களால் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். நான் வேலையில் இருக்கும்போது அப்டேட் என்னை ஒருநாளும் மறித்ததில்லை. எப்போது போடுவது என்பது என் முடிவு. பெரும்பாலும் கெர்னல் மாறினால்தான் ரீஸ்டார்ட் கேட்கும், அதையும் பிறகு செய்துகொள்ளலாம். ஏதாவது கெட்டுப்போனால் டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி முந்தைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை எல்லாச் செயலிகளிலும் ஒரே மாதிரி வேலை செய்வது எனக்குத் தனி மகிழ்ச்சி. லிப்ரேஆபீஸ் என்ற அலுவலகச் செயலியில் அட்டவணை நிறைந்த வேர்ட் கோப்பைத் திறந்தால் சில சமயம் வரிகள் இடம் மாறும், அவ்வளவுதான். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸ் 11 ஏற்காத ஒரு கணினிக்கு இத்தனை ஆண்டுகள் கூடுதலாகக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பருக்கு "இப்போதைக்கு வேண்டாம்" என்றுதான் பதில் அனுப்பினேன். நான் திரும்பிப் போகமாட்டேன், அது வேறு. ஆனால் அவர் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் வைஃபை போனால் கைபேசியும் கேபிளுமாக யார் உட்கார்வது?

அப்புறம் மனசு கேட்காமல் இன்னொரு செய்தியும் அனுப்பினேன். முதலில் பென்டிரைவிலிருந்து மின்ட்டைத் துவக்கிப் பாருங்கள், எதையும் நிறுவ வேண்டாம். எந்த டிரைவரும் போடாமலேயே வைஃபை வந்து, கணினியைத் தூங்கவைத்து எழுப்பிய பிறகும் அறுபடாமல் இருந்தால், தாராளமாக மாறலாம். டிரைவர் மேலாளரில் வைஃபைக்குத் தனியுரிம (மூல நிரல் திறக்கப்படாத) டிரைவர் வேண்டும் என்று காட்டினால், கெர்னலிலேயே ஆதரவுள்ள யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கிய பிறகு பேசுவோம்.