வேலூர் வெயிலுக்கு எம்.ஜி.பி.யா, ஸ்பிட்ஃபயரா?

இரண்டும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டும் 1962-ல் வந்தவை, இரண்டும் 1980-ல் நின்றவை. இரண்டு சீட்டு, திறந்த கூரை, நாலு சிலிண்டர், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். எம்.ஜி.பி. ஆபிங்டன் ஆலையில் பிறந்தது, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கவென்ட்ரியில். இந்தியாவில் எப்போதாவது ஒன்று கைமாறும். அப்படி ஒன்று கண்ணில் படும்போது, காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கிறவர் எதை எடுக்கலாம்?

இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகள் நமக்குப் பாதிதான் உதவும். அங்கே தெருவுக்கு ஒரு எம்.ஜி. மெக்கானிக், பார்சலில் மறுநாள் பார்ட்ஸ், இருபத்தைந்து டிகிரி வந்தாலே வெயில். இங்கே கதை வேறு. நான் முதலில் பார்ப்பது வண்டியின் சொந்தபந்தங்களை. அந்தச் சொந்தத்தில் யார் யார் நம் ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள் என்று.

அம்பாசடர் வீட்டுப் பிள்ளை, ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) 'பி' சீரிஸ். நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். இரண்டிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ., போர் (சிலிண்டரின் விட்டம்) தான் வேறு: அம்பாசடரில் 73 மி.மீ., எம்.ஜி.பி.யில் 80 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ.வின் ஆரம்ப மாடலில் இருந்தது இந்த 1489 சிசி இன்ஜினேதான், ஸ்போர்ட்ஸ் காருக்கேற்ற இரட்டை கார்புரேட்டரோடு.

அதற்காக அம்பாசடர் பிஸ்டனை எம்.ஜி.பி.யில் போட முடியாது. 1964-க்குப் பிந்தைய எம்.ஜி.பி.யில் கிராங்குக்கு ஐந்து மெயின் பேரிங், அம்பாசடரில் மூன்று. பார்ட்ஸ் பொருந்தாவிட்டாலும் பழக்கம் பொருந்தும். புஷ்ராடு, ராக்கர், டேப்பெட் இடைவெளி, ஹெட்டை எந்த வரிசையில் இறுக்குவது, ஆயில் எங்கே கசியும் என்பதெல்லாம் முப்பது வருஷம் டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகளைப் பிரித்துச் சேர்த்த ஒருவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய பெட்டியில் இன்ச் ஸ்பானர்களும் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து இன்ச் அளவிலான யு.என்.எஃப். நட்டின் மூலையை மழுக்கிவிட்டு, அப்புறம் உளியால் தட்டும் கொடுமை நடக்காது.

ஸ்பிட்ஃபயருக்கும் இங்கே சொந்தம் உண்டு. வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-லிருந்து தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டுதான். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் அந்த ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்தது, இரண்டையும் வரைந்தவர் ஒரே இத்தாலியர், ஜியோவான்னி மிக்கெலோட்டி. பானெட்டும் இரு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும் அமைப்பும் அப்படியே வந்தது. ஆனால் ஹெரால்டு, அதற்கு அடுத்து அதே கம்பெனி செய்த கஸெல் எல்லாம் எழுபதுகளோடு முடிந்த சங்கதி. அம்பாசடரோ 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதனால் ஹெரால்டைத் தொட்டு வேலை செய்த கைகள் இன்று அரிது, அம்பாசடரைத் தொட்ட கைகள் இன்னும் சாயங்காலம் டீக்கடையில் கிடைக்கும்.

கை வைத்து வேலை செய்ய

இதில் ஸ்பிட்ஃபயர் சுலபமாக ஜெயிக்கிறது. பானெட்டைத் தூக்கினால் இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் கண்முன். முன்சக்கர டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரை ட்யூன் பண்ணலாம். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமா? சீட்டைக் கழற்றி, நடுவில் உள்ள கவரை எடுத்தால் கியர்பாக்ஸ் உள்பக்கமாகவே வெளியே வரும். எம்.ஜி.பி.யில் கிளட்சுக்கு இன்ஜினையே இறக்க வேண்டும். செயின் பிளாக், இரண்டு ஆள், ஒரு நாள். சொந்த ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வேலை செய்து கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இதற்கு மேல் படிக்காமல் ஸ்பிட்ஃபயரைத் தேடிப் போகலாம்.

ஆனால் பட்டறையில் விடுகிறவர் கொஞ்சம் நிற்கவும். ஸ்பிட்ஃபயரின் முன் சஸ்பென்ஷனில் அடியில் வெண்கல ட்ரன்னியன் ஒன்று உண்டு, சக்கரம் திரும்பும்போது செங்குத்துக் கம்பியின் மரை அதற்குள் சுழலும். அதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில், இ.பி. 90. நம் பட்டறையில் நிப்பிளைப் பார்த்தால் கை தானாகவே கிரீஸ் கன்னுக்குப் போகும். "சுத்தமா கிரீஸ் அடிச்சுட்டேன் சார்" என்பார், நல்ல மனதோடுதான். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காமல் இறுகிப்போய், உள்ளே தண்ணீர் தங்கி, மரை அரித்து, ஒரு நாள் வளைவில் கம்பி முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். அது வீட்டு வாசலில் திருப்பும்போது நடந்தால் அதிர்ஷ்டம். பானெட்டுக்கு உள்பக்கம் 'இங்கே ஆயில் மட்டும்' என்று பெயின்ட்டில் எழுதிவைப்பது அசிங்கமாகத் தெரியலாம், நான் எழுதிவைக்கவே சொல்வேன். எம்.ஜி.பி.யில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது கிரீஸ்தான் கேட்கும். அம்பாசடர் பழக்கம் அங்கே சரியாகவே வேலை செய்யும்.

டிங்கரிங் வேலையில் இரண்டுமே ஆளை ஏமாற்றும். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் கூரையில்லாத வண்டியின் முதுகெலும்பு. துருப்பிடித்த சில்லை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு அடித்துக்கொள்ளாவிட்டால் பாடி நடுவில் தொய்யும், அப்புறம் கதவு சாத்தாது. ஸ்பிட்ஃபயரில் சேஸிஸ் இருக்கிறதே என்று நிம்மதிப்படவும் முடியாது. ஹெரால்டு சேஸிஸில் பக்கவாட்டுச் சட்டங்கள் உண்டு, ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டார்கள், அந்தப் பாரத்தைச் சில்தான் சுமக்கிறது. ஒரு வித்தியாசம்: எம்.ஜி.பி.க்கு 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் புது பாடி ஷெல்லே அடித்து விற்கிறது. கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

கடற்கரை ஓர வண்டியைவிட நம் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற வண்டியில் துரு குறைவு. பாலாறு வறண்டு கிடப்பதில் நமக்குக் கிடைக்கும் ஒரே லாபம் இதுவாகத்தான் இருக்கும்.

வெயில், பெட்ரோல்

கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றாலே இரண்டின் முள்ளும் சிவப்புப் பக்கம் நகரும். அசலான ஃபேன் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும், நின்றால் காற்றும் நின்றுவிடும். எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றைச் சேர்ப்பதும், செப்பு ரேடியேட்டரைக் கடையில் கொடுத்துப் புதுக் கோர் போடுவதும் கட்டாயம். எம்.ஜி.பி. இன்ஜின் பெரியது, சூடும் அதிகம்தான். ஆனால் பல எம்.ஜி.பி.களில் ஆயில் கூலர் ஆலையிலேயே வந்தது, நெடுந்தூர ஓட்டத்துக்கு அது பெரிய துணை.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டும் ஒரே படகில். வால்வு சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-த்தில் நின்றது. ஹெட்டை இறக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் போட்டுவிடுவது நல்லது, லேத்துப் பட்டறைக்கு அது பழகிய வேலை. இப்போது எத்தனால் 20 சதவீதம். பழைய ரப்பர் குழாய் ஊறி உரியும், அதனால் டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்ற வேண்டும். கலவை மெலிவதால் ஜெட் நட்டைச் சற்றே இறக்கி பெட்ரோலைக் கூட்டவும் வேண்டும்.

எலக்ட்ரிக்கல் இரண்டிலும் லூகாஸ்தான், அதிகம் கவலை வேண்டாம். லூகாஸ் டி.வி.எஸ். 1961 முதல் நம் மாநிலத்திலேயே இருப்பதால் லூகாஸ் டிஸ்ட்ரிப்யூட்டரும் ஸ்டார்ட்டரும் ஆட்டோ எலக்ட்ரிஷியனுக்கு அந்நியமில்லை.

ரோட்டில்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றை ஒட்டிக் கத்தும். எம்.ஜி.பி. 3,500-ஐ ஒட்டி, ஓவர்டிரைவ் இருந்தால் 2,800. வாலாஜாபேட்டை தாண்டும் முன்பே இந்த வித்தியாசம் காதில் தெரியும். முக்கால் டன்கூட வராத ஸ்பிட்ஃபயரில் உட்கார்ந்தால் பக்கத்தில் வரும் லாரியின் வீல் நட்டு கண்ணுக்கு நேராக இருக்கும். எம்.ஜி.பி.யிலும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் கனமான வண்டி, காற்றடித்தால் அவ்வளவு அலையாது.

சரி, பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஏலகிரி ஏறினால்? அங்கே கணக்கு தலைகீழ். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஸ்பிட்ஃபயரின் திரும்பும் வட்டமோ ஏழேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆட்டோக்காரரே பொறாமைப்படுவார். ஆனால் இறங்கும்போது கவனம் வேண்டும். 1970-க்கு முந்தைய ஸ்பிட்ஃபயர்களில் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி வால் வீசும். மார்க் 4-ல் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இதை நன்றாகவே அடக்கினார்கள். நம்மூர் ஸ்டாண்டர்டு கம்பெனி இன்னும் நேரடியாக, கஸெலில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டது. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். முல்லைக்குத் தேரை விட்டுவந்த பாரியின் வளைவில் நாமும் தேரை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

எம்.ஜி.பி.க்குப் பின்னால் இலை ஸ்பிரிங், நேரான ஆக்ஸில். மாட்டுவண்டித் தொழில்நுட்பம் என்று கேலி செய்வார்கள். ஆனால் அது என்ன செய்யும் என்பது ஓட்டுகிறவருக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும்.

எந்தப் பட்டறை?

சென்னையிலோ பெங்களூரிலோ பழைய கார்களுக்கென்றே உள்ள பட்டறைக்கு முழு வண்டியையும் அனுப்பலாம், வேலூரிலேயே ஆள் பிடித்துச் செய்யலாம். முதலாவதில் அனுபவம் உண்டு, இங்கிலாந்திலிருந்து பார்ட்ஸ் வரவழைக்கும் வழியும் தெரியும். ஆனால் வரிசை நீளம், பில் நீளம், 140 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி நிற்கும் வண்டியில் என்ன நடக்கிறது என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கவும் முடியாது. இரண்டாவதில் எல்லாம் கண்முன்.

எம்.ஜி.பி. என்றால் பெரும்பகுதியை இங்கேயே முடிக்கலாம் என்பது என் கணிப்பு. போர், கிராங்க் கிரைண்டிங், ஹெட், ரேடியேட்டர், பிரேக் எல்லாம். வெளியே அனுப்ப வேண்டியவை ஓவர்டிரைவும் சில் வேலையும் மட்டும். ஸ்பிட்ஃபயருக்கு ட்ரன்னியன், பின் ஆக்ஸில், கிராங்க் மூன்றையும் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். சீட்டுக்குத் தோல் போடும் வேலைக்கு இரண்டுக்கும் நம் பக்கத்தை மிஞ்ச ஆளில்லை, ஆனால் ஆம்பூரில் மலிவாகக் கிடைத்ததே என்று ஷூ மேல்தோலை வாங்கிவிடக் கூடாது. சீட்டுக்கு அகலமான மாட்டுத்தோல் வேண்டும்.

ஒரு சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.பி. இன்ஜின் கெட்டால் அம்பாசடர் இன்ஜினைத் தூக்கிவைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய, சேஸிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 'விஏ' எழுத்துள்ள நம்பர் பிளேட், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும். ஞாயிறு ஞாயிறு ஏலகிரி போக வேண்டுமென்றால் பழைய சாதாரணப் பதிவு உயிரோடிருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

என் ஓட்டு எம்.ஜி.பி.க்கு, அதிலும் 1968 முதல் 1974-ன் நடுப்பகுதி வரையிலான குரோம் பம்பர் வண்டிக்கு. ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த் (இன்றைய வண்டிகளைப் போல பேட்டரியின் மைனஸ் பாடியோடு), நாலு கியருக்கும் சத்தமில்லாமல் மாற்ற உதவும் சிங்க்ரோ எல்லாம் அதில் வந்துவிட்டன. பிந்தைய ரப்பர் பம்பர் மாடல்களில் வண்டியை உயர்த்திவிட்டார்கள். நம் வேகத்தடைகளுக்கு நல்லதுதான், வளைவில் சாய்கிறது.

பார்க்கப் போகும்போது எம்.ஜி.பி.யின் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், பிறகு சாத்திவிட்டு, கதவிடுக்கு மேலும் கீழும் ஒரே அகலமா என்று பாருங்கள். கீழே அகலமாகி மேலே குறுகியிருந்தால் சில் போயிருக்கிறது. ஸ்பிட்ஃபயர் என்றால், கூட வந்தவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு கிராங்க் புல்லியை உற்றுப் பாருங்கள். முன்பக்கம் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் முன்பின் நகராமல் உள்ளே தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, விழுந்தும்கூட இருக்கலாம். அப்போது பிளாக்கே போயிருக்க வாய்ப்புண்டு. இன்ஜின் இல்லாத வண்டியின் விலையைச் சொல்லுங்கள், ஒத்துவராவிட்டால் கிளம்பிவிடலாம்.