உண்ணிக்கு மாத்திரையா, காலரா, சொட்டு மருந்தா?

போன ஆடியில் எங்கள் நாய் மணியின் காதுக்குப் பின்னால் தடவும்போது ஆமணக்கு விதை மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. சாம்பல் நிறம், வழவழப்பு. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி. இரண்டு வாரம் கழித்து மணி சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா என்று வந்தது, அது உண்ணி பரப்பும் பாக்டீரியா நோய். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் மீட்டோம். இனி உண்ணியே அண்டக்கூடாது என்று ஒவ்வொரு வழியாகப் பார்க்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

கடையில் கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துத் தருவது ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கி, தோலில் படும்படி விட வேண்டும். அது தோலின் எண்ணெய்ப் பசையோடு உடம்பெல்லாம் பரவுகிறது. அதனால் விடுவதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டக்கூடாது. சென்னை வெயிலுக்கு வாரம் தவறாமல் ஷாம்பு போடும் வீடுகளில் இந்த மருந்து மாதம் முழுக்கத் தாங்கும் என்று நம்ப முடியாது. எங்கள் வீட்டில் தாங்கவில்லை.

டெல்டாமெத்ரின் காலரிடம் மற்றவற்றில் இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. உண்ணியைக் கடிக்க விடாமலே விரட்டப் பார்க்கும். பல மாதம் உழைக்கும். ஆனால் கட்டிய அன்றே பலன் தெரியாது, ஒரு வாரம் ஆகும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டு, தோலை ஒட்டினாற்போல் கட்ட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தை இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

மாத்திரைதான் மணிக்கு ஒத்துவந்தது. அஃபாக்சோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூராலானர் 12 வாரத்துக்கு ஒன்று. குளித்தாலும் மழையில் நனைந்தாலும் கவலையில்லை. விலை கையைக் கடிக்கும், உண்மைதான். அதற்காகப் பெரிய நாயின் மாத்திரையை உடைத்து இரண்டு குட்டிகளுக்குப் பங்கு போடாதீர்கள், எடைக்கு ஏற்ற அளவுதான் வாங்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இருக்கும் ஒரே குறை, உண்ணி கடித்த பிறகுதான் சாகும். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே தொற்றிவிடக்கூடும். தெருநாய்களோடு புரண்டு விளையாடும் நாய்க்குக் காலரையும் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது.

அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது மலிவு. ஆனால் நக்கினால் நாய் மயங்கிச் சோர்ந்துவிடும். நான் விட்டுவிட்டேன்.

எதைப் போட்டாலும் தினமும் காது, விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம்.

காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு இவை எர்லிக்கியாவிலும் வரும், உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபீசியாவிலும் வரும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் எர்லிக்கியாவை நினைக்க வேண்டும். சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால் பபீசியாவாக இருக்கலாம், அது சிவப்பணுக்களை உடைக்கிறது. டாக்சிசைக்ளின் மட்டும் பபீசியாவைத் தீர்க்காது. அதனால் பழைய சீட்டை வைத்து மருந்து வாங்காமல், அன்றைக்கே ரத்தம் பார்த்துவிடுங்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது எதுவும் தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, சந்தேகம் இருந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை கேளுங்கள். வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, நாயின் மேல் நாம் பார்க்கும் உண்ணி கொஞ்சம்தான். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் வருஷம் முழுக்க இதே கதை. மணி படுக்கும் மூலையில், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தபோது கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அந்த விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தோம், மணியின் விரிப்பை வாராவாரம் கொதிநீரில் அலசுகிறோம்.