எக்ஸ்டென்ஷன் மெத்தடா, யுட்டிலிட்டி கிளாஸா?

எழுத்துத் தொடர்களைக் கையாளும் ஸ்ட்ரிங் கிளாஸில் நமக்கு வேண்டிய ஒரு மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் கோடு) இல்லை. அதன் கோடில் கை வைக்கவும் முடியாது. ஜாவாவில் எழுதுபவர் ஸ்ட்ரிங்யுட்டில்ஸ் என்று ஒரு கிளாஸ் திறந்து, ஸ்டாட்டிக் மெத்தடாக, அதாவது கிளாஸின் பெயரைச் சொல்லியே அழைப்பதாகப் போட்டுவிடுவார். இதுதான் யுட்டிலிட்டி கிளாஸ். சி ஷார்ப்பில் முதல் பாராமீட்டருக்கு முன்னால் ‘திஸ்’ சேர்த்தால் போதும், ஸ்ட்ரிங்கின் சொந்த மெத்தட் போலவே அழைக்கலாம். இது எக்ஸ்டென்ஷன் மெத்தட்.

கம்பைல் ஆனபின் இரண்டும் ஒன்றுதான், வெறும் ஸ்டாட்டிக் அழைப்பு. எக்ஸ்டென்ஷன் என்பதால் கிளாஸுக்குள் மறைந்திருக்கும் பிரைவேட் ஃபீல்டு கண்ணில் படாது, வாரிசு கிளாஸ் அதை மாற்றி எழுதும் ஓவர்ரைடும் நடக்காது. சி ஷார்ப்பில் ‘நல்’ (ஆப்ஜெக்டே இல்லாத நிலை) மீது அழைத்தால்கூட, அழைக்கும் இடத்தில் பிழை வராமல் மெத்தடுக்குள் போய்விடும். புதிதாக வருபவர்கள் இதில் ஒருமுறையாவது முழிப்பார்கள்.

படிப்பதற்கு எக்ஸ்டென்ஷன்தான் சுகம். 2007-இல் சி ஷார்ப் 3.0 இதைக் கொண்டுவந்ததே, டேட்டாவைக் கோடிலேயே வினவ உதவும் ‘லிங்க்’ (LINQ) வசதிக்காகத்தான். வடிகட்டு, வரிசைப்படுத்து, முதல் பத்தை எடு என்று வேலை நடக்கும் வரிசையிலேயே வரி ஓடும். யுட்டிலிட்டி கிளாஸில் அதையே அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். புள்ளி வைத்ததும் எடிட்டர் பட்டியல் காட்டுவது இன்னொரு வசதி. ஸ்ட்ரிங்யுட்டில்ஸா, ஸ்ட்ரிங்ஹெல்பரா என்று தேட வேண்டாம். (பெரிய ப்ராஜெக்டில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.)

ஆனால் சொந்த மெத்தட் போலத் தெரிவதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே பெயரில் சொந்த மெத்தட் வந்துவிட்டால் அதற்குத்தான் முன்னுரிமை. காட்லினில் லிஸ்ட்டுக்கு ‘ரிமூவ்ஃபர்ஸ்ட்’ எக்ஸ்டென்ஷனாக இருந்தது. 2023-இல் ஜாவா 21 அதே பெயரை லிஸ்ட் இன்டர்ஃபேஸிலேயே (என்னென்ன மெத்தட் இருக்கும் என்று சொல்லும் வரையறை) சேர்த்தது. ஆண்ட்ராய்டு 15-க்கும் அது வந்தது. ஆண்ட்ராய்டு 15-இன் எஸ்டிகேவை (ஆப் கட்டும் கருவித்தொகுப்பு) வைத்து கம்பைல் செய்ததும், பழைய வரி சத்தமில்லாமல் புதிய மெத்தடைப் பிடித்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 14-இல் அந்த மெத்தடே கிடையாது, ஆப் விழுந்தது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதுதான் கொடுமை. யுட்டிலிட்டி கிளாஸின் பெயரைச் சொல்லி அழைத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

டேட்டாபேஸ், கடிகாரம் போன்றவற்றைத் தொடும் வேலை என்றால் இரண்டுமே வேண்டாம். டெஸ்டில் அசலுக்குப் பதிலாகப் போலியை மாற்றிவைக்க இன்டர்ஃபேஸ்தான் சரி.

மற்றபடி நான் பெயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். ‘டூஇன்வாய்ஸ்நம்பர்’ போல நம் ப்ராஜெக்டுக்கு மட்டுமே பொருந்தும் பெயரா, தைரியமாக எக்ஸ்டென்ஷன். ‘ரிமூவ்ஃபர்ஸ்ட்’, ‘இஸ்பிளாங்க்’ போல மொழியே நாளைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய பெயர் என்றால், நீளமாக இருந்தாலும் யுட்டிலிட்டி கிளாஸ்.