மீந்த சோறும் மூன்றடுக்கு மண்பானையும்: சில வருஷப் பயன்பாட்டில் கண்டவை

காய்கறித் தோலை மக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு எல்லாம் மண்ணோடு சேர்ந்தால் தானாகவே மக்கிவிடும். சோதனை சமைத்து மீந்ததில்தான் இருக்கிறது. அடிச்சோறு, நேற்றைய சாம்பார், பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போன தயிர்சாதம், ஊசிப்போன பொரியல். உப்பும் எண்ணெயும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்த கழிவு அது. ஆசையாக உரத்தொட்டி வாங்கியவர்கள் நாற்றம் தாங்காமல் அதை ஓரங்கட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான். அதனால் இதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

சென்னையில் இரண்டாவது மாடி வீடு, நான்கு பேர். பால்கனி ஓரத்தில் உரம் செய்யும் மூன்றடுக்கு மண்பானை. ஐப்பசி மழை, கத்திரி வெயில் எல்லாவற்றையும் பலமுறை பார்த்துவிட்ட பானை. மேலே இருக்கும் இரண்டு பானைகளுக்கும் அடிப்பக்கம் கயிற்று வலைதான். கீழ்ப்பானைக்கு மட்டும் முழு அடி. மேல் பானையில் போட்டு வர வேண்டும். நிரம்பியதும் அதை நடுவில் வைத்துவிட்டு, நடுப்பானையை மேலே ஏற்ற வேண்டும். இதுவும் நிரம்புவதற்குள் நடுவில் இருப்பது நன்றாக வற்றி இறங்கியிருக்கும். அதைக் கீழ்ப்பானையில் கொட்டி விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் ஒரு பானை நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. கறுப்பாகப் பொலபொலவென்று உரம் கைக்கு வர மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் உள்ளேயே தேங்கும். சுட்ட மண் அதை உறிஞ்சி வெளியே விடுகிறது. கோடையில் பானையின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உள்ளே இருந்த ஈரம் சுவர் வழியாக வந்து காய்ந்த தடம் அது.

ஆனால் பாதி வேலையைத்தான் பானை செய்கிறது. மீதியைச் செய்வது காய்ந்த சருகு. 1 பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு, சருகில் நிறைய இருக்கும் கரிமச்சத்து (கார்பன்) இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும் என்பது உரம் தயாரிப்பில் பொதுவான கணக்கு. வீட்டில் யாரும் அதை அளந்துகொண்டிருக்க முடியாது. ஒரு கை உணவுக் கழிவுக்கு இரண்டு கை சருகு, அவ்வளவுதான் என் கணக்கு. சமைத்ததாக இருந்தால் மூன்று கை.

சோற்றை அப்படியே கவிழ்த்தால் கட்டியாகிவிடும். கட்டிக்குள் காற்றுப் போகாது. காற்றுப் போகாத இடத்தில் மக்காது, அழுகும். அதனால் பழைய தட்டு ஒன்றில் சோற்றைக் கொட்டி, சருகோடு பிசிறி, பருக்கை தனித்தனியாக ஆன பிறகே பானையில் போடுகிறேன். மறுநாள் மூடியைத் திறந்தால் பருக்கைகள் மேல் பஞ்சு போல வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அது நல்ல அறிகுறி. சாம்பார், குழம்பு என்றால் வடிகட்டி, சக்கையை ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்து போட வேண்டும். அலசாமல் போட்டால் உப்பு உரத்திலேயே தங்கிவிடும். அந்த உரத்தைப் போட்ட செடியின் இலை ஓரம் கருகும். ஊறுகாய் எண்ணெய், அப்பளம் பொரித்த எண்ணெய் எதுவும் பானைக்குள் போகக் கூடாது.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் வேப்பமரங்கள் உண்டு. மாசி, பங்குனியில் இலை கொட்டித் தீர்க்கும். வேப்பிலை சின்னதாக இருப்பதால் நறுக்க வேண்டிய வேலையும் இல்லை. மாவிலை, பலா இலை என்றால் நொறுக்கித்தான் போட வேண்டும், மக்கவும் நாளாகும். தெரு பெருக்கும் அம்மாவிடம் முதன்முதலில் கேட்டபோது, "இந்தக் குப்பையையா கேக்குறீங்க தம்பி?" என்றார். இப்போது இலை கொட்டும் நாட்களில் அவரே கீழிருந்து கூப்பிட்டு, சாக்கை எடுத்து வரச் சொல்கிறார். கோடையில் சேர்த்து வைக்கும் மூட்டைகள்தான் மழைக்காலம் முழுக்கக் கைகொடுக்கின்றன. தீர்ந்துபோனால் தென்னை நார்த்தூள் கட்டி வாங்கிக்கொள்வேன்.

மூக்கை நம்பினால் போதும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை: கிளறிவிட்டுச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கில் சுருக்கென்று ஏறும் அமோனியா வாடை என்றாலும் சருகு குறைவு என்றே அர்த்தம். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது. கொஞ்சம் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் சரியாகிவிடும்.

அப்புறம் புழு. இதைப் பார்த்துத்தான் பலர் பானையையே தூக்கிப் போடுகிறார்கள். தட்டையாக, வரி வரியாக நெளியும் இவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். சோற்றையும் குழம்புச் சக்கையையும் இவ்வளவு வேகமாகத் தின்று தீர்ப்பவை வேறு இல்லை. வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ போல நம் சாப்பாட்டில் வந்து மொய்க்காது. முற்றிய புழு கருத்துப்போய், காய்ந்த இடம் தேடி வெளியே ஊர்ந்து வரும். காலையில் பானையைச் சுற்றி மைனாக்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போகின்றன. வீட்டில் அருவருப்புப்படுபவர்கள் இருந்தால் மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடிவிடுங்கள், வெளியே தெரியாது.

மீந்த சோற்றை மாட்டுக்கு வைத்தால் போயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். கழனித் தண்ணீர்ப் பானையில் கொஞ்சம் சோறு விழுவது வேறு, வாளி நிறையச் சோற்றைத் தெருமாட்டின் முன் கொட்டுவது வேறு. சமைத்த அரிசி அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி உப்பிக்கொள்ளும், உயிரே போகலாம். கவரில் கட்டி வைத்தால் கவரையும் சேர்த்துத் தின்னும். தயவுசெய்து வேண்டாம்.

வண்டியில் போட்டால் மாநகராட்சி பார்த்துக்கொள்ளாதா என்றால், பிரித்துக் கொடுத்தால் பயன் உண்டு. திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே பிரிக்கத்தான் சொல்கின்றன. கலந்து கொடுத்தால் அது போய்ச் சேருவது குப்பைமேட்டில். பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், 2022இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அதே சதுப்பு நிலத்தில். குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும் சோறு மீத்தேனாகிறது, அதன் சாறு தண்ணீரில் இறங்குகிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை.

பானை வந்தபின் வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. தினமும் என்ன மிஞ்சுகிறது என்பது கண்ணெதிரே தெரிந்ததால், ராத்திரி உலை வைக்கும் அரிசி குறைந்தது. மீந்தால் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழைய சோறு. பானைக்குப் போவது இப்போது உண்மையிலேயே கெட்டுப்போனது மட்டும்தான்.

மீன் முள், கோழி எலும்பு போட இந்தப் பானை சரிவராது. வாடை வரும், பூனை வரும். அதற்குத் தனியாக பொகாஷி வாளி வைத்திருக்கிறேன். தவிட்டில் வளர்த்த நுண்ணுயிரைத் தூவி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடி, இரண்டு வாரம் புளிக்க வைத்து, பிறகு மண்ணில் புதைக்க வேண்டும். புதைக்க இடம் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். மின்சார உரக் கருவிகளை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவை கழிவைக் காயவைத்து அரைத்துத் தருகின்றன. அந்தத் தூளை நேராகச் செடிக்குப் போட முடியாது, மண்ணில் கலந்து மக்கவிட வேண்டும். அந்த விலைக்கு எனக்கு அது தகாது.

மண்பானை வாங்குவதாக இருந்தால் தை மாதத்தில் தொடங்குங்கள். அடுத்த மாதமே சருகு கொட்ட ஆரம்பிக்கும், மழைக்கு முன் இரண்டு சுற்றாவது உரம் எடுத்துப் பழகிவிடலாம். முதல் மாதம் காய்கறிக் கழிவு மட்டும் போடுங்கள். நுண்ணுயிர் ஊன்றிய பிறகு சோற்றுக்குப் போகலாம்.