குழந்தையின் தலைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 18,500 ரூபாயும் ஒரு நாள் பட்டினியும்

சென்ற செவ்வாய்க்கிழமை, குழந்தைகளின் தலை வடிவத்தைச் சரிசெய்து தருவதாக விளம்பரம் செய்யும் கோயம்புத்தூர்த் தனியார் மையம் ஒன்றில் 18,500 ரூபாய் கட்டினேன். ஐந்து மாதக் கைக்குழந்தையை எட்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பட்டினி போட்டேன். அதன் பிறகும், எடுப்பதாகச் சொன்ன ஸ்கேனை எடுக்காமலேயே ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பி வந்தேன். மையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரான என் சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதவில்லை. எழுதிவிடக் கை துடிக்கிறது.

என் மகளுக்குப் பின்னந்தலையின் வலப்பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காதும் கொஞ்சம் முன்னால் தள்ளித் தெரிகிறது. மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது எங்கள் ஊர் மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரே பக்கமாகப் படுப்பதால் வருவதாகத்தான் தெரிகிறது, அடுத்த முறை அளந்து பார்ப்போம் என்றார். எனக்கு அந்த "தெரிகிறது" போதவில்லை. மண்டையோட்டு எலும்புகள் கூடும் இணைப்புகள், அதாவது மருத்துவர்கள் சூச்சர் என்று சொல்பவை, உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டால் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படும் என்று எங்கோ படித்துவிட்டு, இரவெல்லாம் மகளின் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்த உடனேயே தினமும் எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிவிட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்று என் அம்மாவின் அம்மாவான அமுச்சி வேறு நாளுக்கு நான்கு முறை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது.

நான் ஏமாந்தது விளம்பரத்தில் அல்ல, அழைத்தபோது பேசிய பெண்ணின் குரலில். "பயப்படாதீங்க கண்ணு, என் பையனுக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார். எங்கள் வீட்டில் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவது அமுச்சி ஒருவர்தான். அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அவர் சொன்ன எதையும் நான் எதிர்த்துக் கேட்கவில்லை. எக்ஸ்ரே கதிரால் எலும்பைப் படமெடுக்கும் முப்பரிமாண சி.டி. ஸ்கேனுக்கு 8,000, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு 6,000, அறிக்கைக்கும் ஆலோசனைக்கும் 4,500, ஆக மொத்தம் 18,500 என்று கணக்கை நிதானமாக ஒப்பித்தார். முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டினால்தான் மயக்க மருத்துவரை வரவழைக்க முடியும் என்றார். குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதற்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை அன்றைக்கே அனுப்பினேன். ரசீதில் "ஆலோசனை மற்றும் அளவீடு" என்று மட்டும் இருந்ததை நான் படிக்கவே இல்லை.

காலை பத்து மணிக்கு ஸ்கேன், ஆகவே நான்கு மணிக்குப் பிறகு தாய்ப்பால் உட்பட எதையும் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய கட்டளை. நான்கு மணிக்கு எழுப்பிப் பால் கொடுத்துவிட்டு, ஆறரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். அவிநாசியைத் தாண்டும்போதே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள். என் சேலை நனைந்துகொண்டிருந்தது. மடியில் கிடக்கும் குழந்தை மார்பைத் தேடித் தேடி முகத்தைத் தேய்க்கிறாள். நான் அவள் முகத்தைத் திருப்பிவிடுகிறேன். ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தவர்களை, மயக்க மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிப் பன்னிரண்டு நாற்பது வரை உட்கார வைத்தார்கள். என் கணவர் மூன்று முறை எழுந்துபோய், தண்ணீராவது கொடுக்கலாமா என்று கேட்டார். மூன்று முறையும், கொடுத்தால் ஸ்கேன் ரத்தாகிவிடும், பணம் திரும்பி வராது என்றே பதில் வந்தது.

கடைசியில் கூப்பிட்ட அறையில் சி.டி. இயந்திரமே இல்லை. ஓர் இளைஞர் குழந்தையின் தலையில் காலுறை போன்ற மெல்லிய துணித் தொப்பி ஒன்றை மாட்டி, கையில் பிடிக்கும் கருவி ஒன்றைத் தலையைச் சுற்றி நகர்த்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழுதுகொண்டிருந்த குழந்தை என் மடியிலேயேதான் இருந்தாள். முடிந்தது, பால் கொடுக்கலாம் என்றார். மயக்க மருந்து என்று இழுத்தேன். "இதுக்கு எதுக்குங்க மயக்கம்? இது வெறும் வெளிச்சம்தானுங்க" என்று சிரித்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

அறிக்கை என்று கொடுத்தவை இரண்டு வண்ணத் தாள்கள். தலையின் இரு மூலைவிட்ட அளவுகளுக்கும் இடையே 11 மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பதாகவும், ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டிய தலைக்கவசத்தை உடனே வாங்க வேண்டும் என்றும், அதன் விலை 1,40,000 ரூபாய் என்றும் இருந்தது. தாளின் அடியில் எறும்பு எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இந்த அளவீடு எலும்பு இணைப்புகளின் நிலையைக் காட்டாது. நான் பயந்ததே அந்த இணைப்புகளை நினைத்துத்தான். அவற்றைப் பார்ப்பதற்காகத்தான் 18,500 கொடுத்தேன்.

மறுநாள் ஈரோட்டில் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் போனோம். அவர் தலையை மேலிருந்து பார்த்தார், இணைப்புகளை விரலால் தடவினார், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினார். தட்டையான பக்கத்துக் காது முன்னால் நகர்ந்து, தலை இணைகரம்போல் இருந்தால் அது பெரும்பாலும் படுக்கும் முறையால் வருவது என்றும், பின்பக்க இணைப்பு மூடிக்கொள்வது மிக அரிது என்றும் விளக்கினார். அப்படியே சந்தேகம் வந்தாலும் இந்த வயதில் முதலில் கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் போதும், அதற்குப் பட்டினியும் வேண்டாம். சி.டி. தேவைப்பட்டால்கூட, இவ்வளவு சிறிய குழந்தைக்குப் பல இடங்களில் மயக்க மருந்து கொடுப்பதில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கியதும் சில நொடிகளில் எடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றாலும் தாய்ப்பாலை நான்கு மணி நேரம் நிறுத்தினால் போதும். ஆறு மணி நேரம் என்பது புட்டிப்பாலுக்கு. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் பார்த்தபோது கவசம் போட்ட குழந்தைகளுக்கும் போடாத குழந்தைகளுக்கும் தலை வடிவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைப்பதை மட்டும் இதற்காக மாற்றிவிடக் கூடாது, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பழக்குங்கள் என்றார். அவர் வாங்கிய கட்டணம் 300 ரூபாய்.

அன்று மாலையே மையத்தை அழைத்தேன். கண்ணு என்று கூப்பிட்ட அதே குரல், "எந்த ஊருங்க, எந்தத் தேதிங்க?" என்று கேட்டுவிட்டு, கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள் என்று வைத்துவிட்டது. கணக்குப் பிரிவில் பேசியவர், ரசீதில் சி.டி. என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். வராத மயக்க மருத்துவருக்கு வாங்கிய 6,000 ரூபாயையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். மேலாளர் சென்னை போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு செய்திகளிலும் நீலக் குறி விழுந்திருக்கிறது. நேற்று வந்த ஒரே பதில், கவசம் வாங்குவதானால் 5,000 ரூபாய் தள்ளுபடி என்பது. என் 18,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

ஸ்கேனுக்குக் குழந்தையை எப்படித் தயார்செய்வது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். குழந்தை சிணுங்குகிறாள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பரிமாண ஸ்கேன் என்று சொன்னால் அது சி.டி.யா, வெளிப்புற அளவீடா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவரின் கைச்சீட்டு இல்லாமல் குழந்தைக்கு சி.டி. எடுக்கச் சம்மதிக்காதீர்கள். எத்தனை மணி நேரம் பால் நிறுத்த வேண்டும் என்பதை மயக்க மருத்துவரிடமே கேளுங்கள்; நேரம் தள்ளிப்போனால் பால் கொடுத்துவிட்டு வேறு நாள் கேளுங்கள். ரசீதைப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை என்கிறார் சித்தப்பா. என் மனு ஈரோட்டுக்குத் தயாராகிறது. அந்த மேலாளர் சென்னையிலிருந்து வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, திங்கட்கிழமை அதைக் கொடுத்துவிடுவேன்.