டாடா டியாகோ இவி: ஆன்ரோடு விலையில் அரசின் பங்கு எவ்வளவு?

டாடாவின் மின்காரான டியாகோ இவியின் இழுவை, சஸ்பென்ஷன், பின்சீட்டின் இறுக்கம் எல்லாம் வேறு பலர் எழுதியாகிவிட்டது. இங்கே எடை போடுவது டீலர் கையில் கொடுக்கும் கொட்டேஷனை. ஒரே உடம்பில் பெட்ரோல் மாடலும் மின்சார மாடலும் தனித்தனியே விற்கும் வண்டி இது. அதனால் அரசுச் சலுகை எந்த வரியில் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு இது தோதான கார்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். கொட்டேஷனில் "சப்சிடி" என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்தால் அது கம்பெனியோ டீலரோ தரும் தள்ளுபடிதான். 2019 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் 2 என்ற மத்திய அரசின் மானியத் திட்டத்தில் மின்காருக்கு, பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட் ஹவருக்கு 10,000 ரூபாய் இருந்தது உண்மை. ஆனால் அது டாக்சி போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும். அந்தத் திட்டமும் 2024 மார்ச்சோடு முடிந்தது. அடுத்து 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் மானியத் திட்டத்தில் இருசக்கர வண்டி, ஆட்டோ, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு, கார் இல்லை. சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குபவருக்கு மத்திய அரசு கையில் பணம் தருவதில்லை. வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுகிறது, அவ்வளவுதான்.

அந்த வரியில் பெரியது ஜிஎஸ்டி. மின்வண்டிக்கு 12 சதவீதமாக இருந்தது, 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம். டியாகோ இவியின் அடிப்படை மாடல் எக்ஸ்ஷோரூம் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 7.99 லட்சம் என்றால் அதில் வரி போக வண்டியின் விலை ஏறக்குறைய 7.61 லட்சம், வரி 38,000. இதே வண்டிக்குச் சின்ன பெட்ரோல் காரின் பழைய வரியான 28 சதவீத ஜிஎஸ்டியும் அதற்கு மேல் 1 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் போட்டிருந்தால் விலை 9.82 லட்சத்தைத் தொட்டிருக்கும். சலுகையின் மதிப்பு 1.83 லட்சம்.

இது 2025 செப்டம்பர் 21 வரையிலான கணக்கு. மறுநாள் சின்ன பெட்ரோல் காரின் வரி 18 சதவீதமாக இறங்கியது. மின்காரின் 5 சதவீதத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் 18 சதவீதத்தோடு ஒப்பிட்டால் சலுகை ஏறக்குறைய 99,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. பெட்ரோல் டியாகோவின் ஆரம்ப விலை சுமார் 5 லட்சத்திலிருந்து 4.57 லட்சத்துக்கு வந்தது. இவி இருந்த இடத்திலேயே நின்றது. மின்காருக்கான சலுகையைக் குறைக்க மின்காரைத் தொட வேண்டியதே இல்லை, பக்கத்து வண்டியின் வரியைக் குறைத்தாலே போதும். விளம்பரங்களில் இதைப் பற்றிப் பேச்சே வராது.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மின்வண்டிக்கு முழு விலக்கு. எக்ஸ்ஷோரூம் விலையை வைத்துக் கணக்கிட்டால் 7.99 லட்சம் வண்டிக்கு மிச்சம் 1.04 லட்சம். பெரிய பேட்டரி மாடலை 10.14 லட்சத்துக்கு எடுத்தால் விகிதம் 18-க்குத் தாவுகிறது, மிச்சம் 1.83 லட்சம். அதாவது பத்து லட்சத்துக்குச் சற்று மேலே இருக்கும் மாடலுக்குத்தான் மாநில அரசு அதிகம் விட்டுக்கொடுக்கிறது.

ஆனால் இந்த விலக்கு முடிவுத் தேதியோடு வருவது. முதலில் 2022 இறுதி வரை, பிறகு 2023 பிப்ரவரி கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை என்றுதான் நகர்ந்து வந்திருக்கிறது. அதனால் வாங்கும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் வருவது புக்கிங் தேதி அல்ல, ஆர்டிஓ பதிவுத் தேதி. கெடு நெருங்கும் மாதத்தில் டெலிவரி தள்ளிப்போனால் லட்சக்கணக்கில் கை நட்டம். அப்படியான நேரத்தில் வண்டி யார்டில் இருக்கிறதா என்று கேட்டு, சேஸி எண்ணை வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

எல்லை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2025-26 பட்ஜெட்டிலிருந்து மின்காருக்கு 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் வண்டி என்றால் நேரடியாக 10. அதற்குக் காரணம் உண்டு. எம்ஜி விண்ட்சர் என்ற மின்கார் 2024-இல் அறிமுகமானபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியைத் தனியே கழற்றினால் வரி போடும் விலையும் இறங்கிவிடும். கேரளம் அந்த ஓட்டையை அடைத்தது. (ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் வாடகையே அந்த விலை வித்தியாசத்துக்குச் சமமாகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சில்லறைச் சலுகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். பதிவுச் சான்றுக்கான கட்டணம் 2021 ஆகஸ்ட் முதல் மின்வண்டிக்கு இல்லை. கொட்டேஷனில் "ரெஜிஸ்ட்ரேஷன்" என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் எதற்கென்று பிரித்துக் கேளுங்கள், நம்பர் பிளேட் செலவு மட்டும்தான் நியாயம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 9,044 ரூபாய், பெட்ரோல் டியாகோவுக்கு 10,640. ஆனால் வண்டி விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதப் பிரீமியம் கூடி, அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், செலவில் சேர்க்க வேண்டாம். கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவு தந்த வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவை இன்னும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்குத்தான் அது. தொழில் செய்பவர் நிறுவனக் கணக்கில் வாங்கினால் தேய்மானம் 40 சதவீதம், பெட்ரோல் காருக்கு 15. அவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய லாபம்.

கொட்டேஷனில் தெரியாத சலுகையும் ஒன்று உண்டு. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் டியாகோ இவி சான்று பெற்ற வண்டி. குறைந்தது 50 சதவீத மதிப்பு உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணம் கம்பெனிக்குப் போகிறது, அதில் எவ்வளவு நம் விலையில் இறங்குகிறது என்பது கம்பெனியின் முடிவு.

வீட்டு மின்கட்டணத்தையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எடுக்கும் வீடு என்று கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜிங் இழப்பும் சேர்த்து யூனிட்டுக்கு 7.5 கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 270 யூனிட் கூடும். அவை விழும் படிகள் 6.30, 8.40, 9.45 ரூபாய். போதாததற்கு, 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த பாதி விலையும் போய்விடும். மொத்தம் சுமார் 2,370 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.20. ஷோரூமில் சொல்லும் "ஐம்பது பைசா" இந்த வீட்டுக்குப் பொருந்தாது. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 18 என்றால் கிலோமீட்டருக்கு 5.60. மிச்சம் 4.40.

இப்போது எல்லாவற்றையும் கிலோமீட்டரில் மாற்றலாம். இன்சூரன்ஸ் தவிர்த்து இரண்டு அடிப்படை மாடல்களுக்கும் ஆன்ரோடு இடைவெளி 2.87 லட்சம். அதை ஈடுகட்ட 65,000 கிலோமீட்டர் ஓட வேண்டும், மாதம் 1,000 கணக்கில் ஐந்தரை ஆண்டு. சாலை வரி விலக்கு இல்லையென்றால் இடைவெளி 3.91 லட்சம், 89,000 கிலோமீட்டர். ஜிஎஸ்டியும் 18 ஆனால் 5.03 லட்சம், 1.14 லட்சம் கிலோமீட்டர், ஒன்பதரை ஆண்டு. பேட்டரி வாரண்டி எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். சலுகை இரண்டும் இல்லாமல் போட்ட காசு திரும்புவதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். பெட்ரோலில் அடிப்படை மாடல் கியர் வண்டி என்பதால், ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் சுருங்கும்.

மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவர்கள் பணக் கணக்குக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். 1,500-க்கு மேல் ஓட்டி, வீட்டில் சொந்தமாக 15 ஆம்ப் பிளக் பாயின்ட் போட முடிந்தவர்கள் வாங்கலாம். அதிலும் சின்ன பேட்டரியே போதும், இரவில் ஏழு மணி நேரத்தில் நிரம்பிவிடும். விற்கும்போது பழைய கார் டீலரிடம் கொடுத்தால் அவருடைய லாபத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதைக் கழித்துத்தான் விலை சொல்வார். நேரடியாக இன்னொருவருக்கு விற்றால் அந்த வரி கிடையாது.