முர்மான்ஸ்க் அரோரா பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பச்சை வானம், பனியில் உருண்டு சிரிக்கும் ஒரு குடும்பம், கீழே கொட்டை எழுத்தில் ‘100% கியாரண்டி’. இந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பர் கடைசியில், அரோரா எனப்படும் துருவ ஒளியைக் காட்டுவதாகச் சொல்லும் இப்படி ஒரு பேக்கேஜில், சென்னையில் உள்ள ஒரு டிராவல்ஸ் மூலமாக, நானும் மனைவியும் மைத்துனர் குடும்பமும் ரஷ்யாவின் முர்மான்ஸ்க் நகரத்துக்குப் போய் வந்தோம். வழக்கு நடப்பதால் டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை, பலகையை மாற்றி எழுத அவர்களுக்கு ஒரு வாரம் போதும். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் நகரங்களில் முர்மான்ஸ்க்தான் மிகப் பெரியது, சுமார் 2.7 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அரோரா பார்க்க நார்வேயில் டிரோம்சோவுக்குப் போக ஷெங்கன் விசாவுக்கு அலைய வேண்டும், செலவும் கையைக் கடிக்கும். ரஷ்யாவோ 2023 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு இ-விசா கொடுக்கத் தொடங்கியது. நம் ஊர்க் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம். ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு என்ற கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. நம் வங்கி கொடுத்த கார்டு அங்கே எந்தக் கடையிலும் ஓடாது. உலகம் முழுக்க நாம் பழகிய பெரிய ஹோட்டல் முன்பதிவுத் தளங்களும் அந்த நாட்டை விட்டுப் போய்விட்டன. ஆகவே பணத்தை ஏஜெண்டிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அவர் கொடுக்கும் காகிதத்தை நம்பித்தான் பெரும்பாலானோர் விமானம் ஏறுகிறார்கள். ஏமாற்றுகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

எங்கள் காகிதம் ஒரு ஹோட்டல் வவுச்சர். பெயர், தேதி, உறுதிப்படுத்தும் எண், முத்திரை எல்லாம் இருந்தது. ராத்திரி போய் இறங்கினால், வரவேற்பறைப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “முன்பதிவு வந்தது, பணம் வரவில்லை, இரண்டு நாளுக்கு முன்பே ரத்தாகிவிட்டது” என்கிறார். வெளியே மைனஸ் பதினாறு. மாஸ்கோ நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் சென்னையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது: “சார், டென்ஷன் ஆகாதீங்க. பார்ட்னர் சைடுல சின்ன பிரச்சனை. நீங்க கேஷ் கட்டிடுங்க, சென்னை வந்ததும் செட்டில் பண்ணிடுறேன்.”

மைத்துனர் கையில் டாலர் வைத்திருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். அந்த நேரத்தில் வங்கி ஏது? எங்களை அழைத்துப்போக வந்திருந்த பையன், அங்கே மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவன், தனக்குத் தெரிந்த ஒருவரிடம் மாற்றித் தந்தான், கொஞ்சம் குறைந்த விலைக்குத்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் லிஃப்ட் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, போன குரூப்புக்கே எனக்கு இன்னும் காசு தரலை. விட்டா அதுவும் வராதுன்னுதான் இந்த குரூப்பையும் எடுத்தேன்.” அவனையும் சேர்த்தே ஏமாற்றியிருக்கிறார்கள்.

வவுச்சர் என்பது ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கிளம்புவதற்கு முன் ஹோட்டலுக்கே மின்னஞ்சல் போட்டு, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பணம் வந்துசேர்ந்ததா என்று கேளுங்கள். நேரில் வந்து ரொக்கமாகத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளும் ஹோட்டல்களும் அங்கே உண்டு. கிழியாத, கறைபடாத புது டாலர் அல்லது யூரோ நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். பழைய நோட்டை முகத்துக்கு நேரே தள்ளிவிடுகிறார்கள்.

இனி அரோரா. சூரியனிலிருந்து வரும் துகள்கள் காற்றுமண்டலத்தின் மேல்பகுதியில் மோதும்போது வரும் ஒளி அது. தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டருக்கு மேலே நடக்கிறது. கீழே மேகம் மூடியிருந்தால் மேலே எவ்வளவு ஆட்டம் நடந்தாலும் நமக்குத் தெரியாது. முர்மான்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்திலும் உறையாமல் இருப்பதற்கு அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் காரணம். கடல் உறையாத இடத்தில் ஈரமும் மேகமும் இருக்கத்தானே செய்யும். இந்த ஊரை வைத்து யாராவது ‘கியாரண்டி’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

எங்களுக்குத் தந்த கியாரண்டி எப்படி நிறைவேறியது என்று கேளுங்கள். ஒரு மினிபஸ்ஸில் எங்களோடு இன்னும் இரண்டு குழுக்களை அடைத்து, நகர விளக்கு வெளிச்சம்கூட மறையாத ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். நல்ல வழிகாட்டிகள் மேகப் படத்தைப் பார்த்துக்கொண்டே திறந்த வானத்தைத் தேடி வெகுதூரம் ஓட்டுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. இங்கே டீசல் கணக்கு முந்திக்கொண்டது. ஒரு மணி நேரம் நின்றோம். கண்ணுக்கு லேசான சாம்பல் திட்டு, மேகமா வேறு எதுவுமா என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் தன் போனைத் தாங்கியில் வைத்து, பத்து விநாடி திறந்திருக்கும்படி படம் எடுத்தார். படத்தில் மங்கலாகப் பச்சை. “பார்த்தாச்சு, கிளம்பலாம்.” மறுநாள் ராத்திரி இன்னொரு முறை போக வேண்டும் என்றால் தனிக் கட்டணம், ஏனென்றால் கியாரண்டி முடிந்துவிட்டதாம். போன் கேமரா நம் கண்ணைவிட அதிக ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். அந்த வித்தையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. கண்ணால் பார்த்தால்தான் கணக்கா, கேமராவில் தெரிந்தால் போதுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பயணத் திட்டத்தில் ‘காலை 9 மணி, சூரிய ஒளியில் நகர உலா’ என்று வேறு போட்டிருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி 11 வாக்கில் வரை அங்கே சூரியன் உதிக்கவே உதிக்காது! நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல நிறத்தில் ஓர் அரை வெளிச்சம், அவ்வளவுதான். அது அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்கிறவர் அந்த ஊருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பாரென்ட்ஸ் கடலோரம் இருக்கும் டெரிபெர்காவுக்கு ஒரு நாள் பயணம் இருந்தது. பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள். இது யார் குற்றமும் இல்லை, அங்கே குளிர்காலத்தில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அதற்கு வாங்கிய பணம்? ‘மாற்று நிகழ்ச்சி’ என்று ஊரிலுள்ள அல்யோஷா என்ற போர்வீரன் சிலையையும், லெனின் கப்பலையும் காட்டினார்கள். உலகத்தின் முதல் அணுசக்தி பனியுடைப்புக் கப்பல், 1989 வரை ஓடி இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. நாங்கள் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம், உள்ளே போகும் டிக்கெட் பேக்கேஜில் இல்லையாம். சாலை மூடினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

இ-விசாவுக்கு ‘அவசரக் கட்டணம்’ என்று எங்களிடம் தலைக்கு நாலாயிரம் வாங்கினார்கள். அப்படி ஒன்றே கிடையாது. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், நான்கு நாளில் வந்துவிடும். இன்னொரு விஷயம், நம் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், அப்பா பெயர் எங்கோ ஒட்டியிருக்கும். மைத்துனர் மனைவியின் பெயரை அவர்கள் தப்பாக நிரப்பி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அதற்கும் பில் போட்டார்கள்.

ஊர் திரும்பியதும் ஹோட்டல் பணத்தைக் கேட்டேன். பார்ட்னர் அனுப்பவில்லை, ஆடிட்டர் வரவில்லை, அண்ணன் ஊரில் இல்லை. வருமான வரிக் கணக்குக்காக, நம் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தபோதுதான் அடுத்த கதை வெளியே வந்தது. வெளிநாட்டு பேக்கேஜுக்கு 5% டிசிஎஸ் (விற்கிறவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று என் பான் எண்ணை வாங்கிக்கொண்டு பிடித்த பணம் அதில் இல்லவே இல்லை. அரசுக்குக் கட்டுகிறோம் என்று சொல்லி வாங்கியதையும் பையில் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயண பேக்கேஜ் வாங்கியவர்கள் இன்றைக்கே தங்கள் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், பதில் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஹோட்டலில் ரொக்கம் கட்டிய ரசீது, அந்தக் குரல் செய்தி, வவுச்சர் மூன்றையும் இணைத்தேன். நோட்டீஸ் போன அடுத்த வாரமே டிசிஎஸ் தொகை என் கணக்கில் ஏறிவிட்டது. ஹோட்டல் பணத்துக்கு வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது.